‘சொல்கிறார்கள்’ என்றால் ஆங்கிலத்தில் யார் சொல்கிறார்கள்?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை விருந்தினர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் இருக்கிறார் ஒரு தங்கை. அவர் கேட்டது இது: “வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் தரையைக் காட்டி, ‘தீஸ் ஆர் தி சோ-கால்டு ஆத்தங்குடி டைல்ஸ்’ என்றேன். அவர் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது அசல் இல்லையா என்று கேட்டார். ‘ஆத்தங்குடி என்று சொல்லப்படுகிற’ என்றுதானே நான் சொன்னேன்? மற்றவர்கள் சொல்வதையும், ஒன்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரையும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படித்தான் எடுத்துச் சொல்கிறார்கள்? அவர்களுக்குள் பேசும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை ‘ஷி வாஸ் லைக்’ என்று வருகிறதே, அது என்ன?”

காரைக்குடியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, உங்களைப் போல வீடு சுற்றிக்காட்டும் பிள்ளைகள் சிலருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் செய்தது இலக்கணப் பிழை இல்லை. ‘சோ-கால்டு’ என்பதைப் பிரித்தால் ‘அப்படி அழைக்கப்படுகிற’ என்றுதான் வரும். அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. ஒரு புதுக் கலைச்சொல்லை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் கட்டுரைகளில் இன்றும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் வாயால் பேசும்போது, அதிலும் கண்முன்னே இருக்கும் பொருளைக் காட்டிப் பேசும்போது, இன்னொரு பொருள் முந்திக்கொண்டு வரும்: பேர்தான் அப்படி, உள்ளே சரக்கு இல்லை. ‘ஹிஸ் சோ-கால்டு ஃப்ரெண்ட்’ என்றால் நண்பன் என்று சொல்லிக்கொண்டு நண்பனாக நடக்காதவன். ‘என்று சொல்லப்படுகிற’ என்று நினைத்து நீங்கள் சொன்னது, அந்த அம்மாவின் காதில் ‘என்று சொல்லிக்கொள்கிற’ என்று விழுந்திருக்கிறது. இத்தனைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதை ஆத்தங்குடிக்குப் போனால் யாரும் நேரில் பார்க்கலாம். ‘தீஸ் ஆர் ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிறர் பேச்சை எடுத்துச் சொல்ல நமக்கு ஒரு சின்னச் சொல் போதும்: ‘என்று’. பேச்சில் அது ‘-னு’. வீட்டின் உள்முற்றத்தைக் காட்டி, “இதை வளவுன்னு சொல்றது” என்கிறோம். யார் சொல்வது? அதைச் சொல்ல வேண்டிய அவசியமே தமிழில் இல்லை. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘முப்பஃது என்ப’ என்று வருகிறது. எழுத்து முப்பது என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் யார் என்பது அந்த இடத்தில் வெளியே தெரிவதில்லை, வாக்கியமும் குறைபடுவதில்லை.

ஆங்கிலத்தில் இப்படி விட முடியாது. வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும். ‘வீ’, ‘தே’, ‘பீப்பிள்’, ‘தி ஃபேமிலி’ என்று ஏதாவது ஒன்றை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த உடனே, அந்தப் பேச்சுக்கு நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காலமாற்ற விதிகளைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பைத் தாண்டி உள்ளே போனதும், நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், அறைகள். ‘தே கால் இட் தி வளவு’ என்று நீங்கள் சொன்னால், அந்த ‘தே’யில் நீங்கள் இல்லை. சென்னையிலிருந்து போன மாதம் வேலைக்கு வந்த பெண் பேசுவது போல இருக்கும். ‘வீ கால் இட் தி வளவு’ என்றால் இந்த ஊர்ப் பெண் தன் சொல்லைத் தருகிறாள் என்று கேட்பவர் உணர்வார். நீங்கள் அந்த வீட்டுக் குடும்பம் இல்லையே, ‘வீ’ என்று எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால், ‘இன் செட்டிநாடு வீ கால் இட் தி வளவு’ என்று ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல் ஊருக்கு எல்லாம் பொது. அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய வழக்கம் என்றால் ‘தி ஃபேமிலி கால்ஸ் இட்’ என்று அவர்களிடமே விட்டுவிடலாம். நம் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். இந்த இடத்தில் அது சிக்கல் இல்லை. விருந்தினர் தன்னை அந்த ‘வீ’யில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

சுற்றுலாக் கையேடுகளில் ‘நோன் லோக்கலி ஆஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர் எழுதும்போது அது சரியான, மரியாதையான தொடர். பழைய பயண நூல்களிலும் அரசு ஆவணங்களிலும் அந்த இடத்தில் ‘தி நேட்டிவ்ஸ் கால் இட்’ என்று இருக்கும். இன்று அதைப் படிக்கும்போது, மேலே நின்று கீழே பார்க்கிற குரல் கேட்கிறது. அதனால் அந்தத் தொடரைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் ‘நோன் லோக்கலி ஆஸ்’ என்பதும் வெளியே நின்று பேசுகிற தொடர்தான். சொந்த ஊர்ச் சொல்லை அந்த ஊர்ப் பெண்ணே அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, மதுரையிலிருந்து மண்டபம் வரைக்கும் நான் கேட்கிற ஒரு பிழை. ‘பீப்பிள் கால் இட் ஆஸ் வளவு.’ இந்த ‘ஆஸ்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் ‘என்று’தான். ‘வளவு என்று அழைக்கிறோம்’ என்பதில் ‘என்று’க்கு ஒரு சொல் தேடுகிறோம், ‘ஆஸ்’ கையில் கிடைக்கிறது. ‘கால்’ என்ற வினைக்கு அது தேவையே இல்லை. பெயரை அப்படியே பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் ‘நோன்’, ‘ரெஃபர் டு’ இரண்டும் ‘ஆஸ்’ இல்லாமல் நிற்காது. ‘வீ கால் இட் தி வளவு’, ‘இட் இஸ் நோன் ஆஸ் தி வளவு’, ‘வீ ரெஃபர் டு இட் ஆஸ் தி வளவு’. இந்த மூன்றையும் வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும். இதே குடும்பத்துப் பிழைதான் ‘ஹவ் டு யூ கால் திஸ்?’ என்று கேட்பது. நாம் ‘இதை எப்படிச் சொல்வீர்கள்’ என்று நினைக்கிறோம். அவர்கள் ‘வாட் டு யூ கால் திஸ்?’ என்றுதான் கேட்பார்கள். ‘சே’ வந்தால் மட்டும் ‘ஹவ்’ பொருந்தும்: ‘ஹவ் டு யூ சே வளவு இன் ஃப்ரெஞ்ச்?’

மேலே ‘தி வளவு’ என்று எழுதிக்கொண்டே வருகிறேன், கவனித்தீர்களா? வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் ‘தி’. ஆளைக் கூப்பிடும் சொல்லுக்கு அது வராது. ‘வீ கால் ஹர் ஆச்சி’ என்றால் நாங்கள் அவரை ஆச்சி என்று கூப்பிடுவோம் என்று பொருள். ‘வீ கால் ஹர் அன் ஆச்சி’ என்றால் ஆச்சி என்பது ஏதோ ஒரு வகை ஆள், அந்த வகையில் இவரும் ஒருவர் என்று ஆகிவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆச்சியை அப்படி வகைப்படுத்துவது அழகில்லை.

சொல்லையும் அதன் விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லும்போது அவர்கள் ‘ஆர்’ போடுவார்கள்: ‘தி வளவு, ஆர் இன்னர் கோர்ட்யார்டு’. நம் காதுக்கு அது ‘அல்லது’ என்று கேட்கும், இரண்டில் ஒன்று என்று தோன்றும். அங்கே அதன் பொருள் ‘அதாவது’. அவர்களுக்குத் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டுச் சொல்ல ‘வாட் யூ மைட் கால் எ வெராண்டா’ என்ற தொடர் மிக நல்லது. உங்கள் சொல்லில் இதற்கு நெருக்கமானது அது, ஆனால் இரண்டும் ஒன்றே இல்லை என்கிற நுட்பம் அந்த ‘மைட்’டில் இருக்கிறது.

‘வாட் … கால்’ என்ற அமைப்புக்கு இன்னொரு பயன் உண்டு. ஊர் ஊராக உணவகங்களில் ‘செட்டிநாடு சிக்கன்’ என்று விற்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியில் யாரும் அதற்கு அந்தப் பேரைச் சொல்வதில்லை. கோழிக் குழம்பு, கோழி வறுவல், அவ்வளவுதான். விருந்தினர் கேட்டால் ‘தட் இஸ் வாட் ரெஸ்டாரண்ட்ஸ் கால் செட்டிநாடு சிக்கன்’ என்று சொல்லிவிட்டு, ‘அட் ஹோம் வீ ஜஸ்ட் கால் இட் கோழிக் குழம்பு’ என்று முடியுங்கள். அந்தப் பேர் யாருடையது என்பது தெளிவாகிவிடும். யாரையும் குறை சொன்னதாகவும் ஆகாது.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன்: நம் ‘-ஆம்’.

நான் கல்லூரி முடித்த வருடம் எங்கள் அப்பத்தாவைப் பார்க்க வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். மொழிபெயர்க்க நான் உட்கார்ந்தேன். அப்பத்தா சொன்னார்: “இந்தத் தூணெல்லாம் ரங்கூன்லேருந்து கப்பல்ல வந்துச்சாம். ஒரு தூணுக்கு ஒரு மரமாம். சுவத்துல பூசுறதுக்கு முட்டை வண்டி வண்டியா வாங்குனாகளாம்.” மூன்று வாக்கியம், மூன்று ‘ஆம்’. நான் என் ஆங்கிலத்தில் ‘தீஸ் பில்லர்ஸ் கேம் ஃப்ரம் ரங்கூன்’ என்று ஆரம்பித்து மூன்றையும் அடித்துச் சொன்ன உண்மைகளாக மாற்றிக் கொடுத்தேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, எந்த வருடம், எத்தனை வண்டி, பாட்டி அதைப் பார்த்தாரா என்று கேட்க ஆரம்பித்தார். நான் திருப்பிக் கேட்டபோது அப்பத்தாவின் முகம் வாடிவிட்டது. “நானா கண்டேன்? சொல்லக் கேட்டதுதானே. அதத்தானே சொன்னேன்” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. தான் பார்க்கவில்லை, கேட்டது என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒழுங்காகச் சொல்லியிருந்தார். வழியில் அதைக் கீழே போட்டது நான். எண்பது வயதுக்காரரைத் தான் காணாததைக் கண்டதாகச் சொன்னவராக அந்த நோட்டில் ஆக்கிவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆங்கிலத்தில் ‘-ஆம்’ போல ஒரு விகுதி கிடையாது. அந்த ஒரு விகுதியின் வேலையைப் பல சொற்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் நம்பிக்கையின் அளவு வேறு.

காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை வைத்துச் சொல்கிறேன். ‘இட் இஸ் கால்டு தி தவுசண்ட் விண்டோ ஹவுஸ்’ என்றால் பெயருக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு, எண்ணிக்கைக்கு இல்லை. ‘இட் ஹாஸ் எ தவுசண்ட் விண்டோஸ்’ என்றால் எண்ணிப் பார்த்தவராக நீங்கள் இருக்க வேண்டும். ‘இட் இஸ் செட் டு ஹாவ் எ தவுசண்ட் விண்டோஸ்’ என்றால் அது நம் ‘ஆயிரம் ஜன்னலாம்’ என்பதற்கு மிக நெருக்கம்; சொல்வது ஊர், நான் எடுத்துத் தருகிறேன். ‘இட் இஸ் சப்போஸ்டு டு ஹாவ் எ தவுசண்ட் விண்டோஸ்’ என்றால் ஊர் சொல்கிறது, எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்கிற சாயல் வந்துவிடும். இந்த ‘சப்போஸ்டு டு’வுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ‘யூ ஆர் சப்போஸ்டு டு டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ என்றால் செருப்பைக் கழற்றுவதுதான் முறை என்று பொருள். வீட்டைப் பற்றிச் சொல்லும்போது சந்தேகம், ஆளைப் பற்றிச் சொல்லும்போது கடமை என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘அப்பேரன்ட்லி’ என்ற சொல்லை நம் பிள்ளைகள் பலர் ‘வெளிப்படையாக’ என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பேச்சு ஆங்கிலத்தில் அது கிட்டத்தட்ட நம் ‘-ஆம்’, ‘போலிருக்கு’ இரண்டும் சேர்ந்தது. ‘அப்பேரன்ட்லி தே ஆர் செல்லிங் தி ஹவுஸ்’ என்றால் வீட்டை விற்கப்போகிறார்களாம். யாரோ சொல்லி எனக்குத் தெரிந்தது, சரியாகவும் இருக்கலாம். ‘சப்போஸட்லி’யில் சந்தேகம் கூடும். ‘ரிப்போர்ட்டட்லி’ செய்தித்தாள் மொழி, ‘என்று கூறப்படுகிறது’ போல. ‘அலெஜட்லி’யை வீட்டுக் கதைக்குள் கொண்டு வரவே கூடாது. குற்றம் நிரூபிக்கப்படாத நிலையில், ஒருவர் மேல் சுமத்தப்பட்ட தப்பைச் சொல்ல நீதிமன்றச் செய்திகளில் வருவது அது. ‘இந்தத் தேக்கு அலெஜட்லி பர்மாவிலிருந்து வந்தது’ என்றால் யாரோ திருடிக்கொண்டு வந்தது போல இருக்கும்.

‘க்ளெய்ம்’ என்ற வினையிலும் இதே ஆபத்து. ‘தி ஓனர் க்ளெய்ம்ஸ் தட் தி ஹவுஸ் இஸ் எ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்டு’ என்று சொன்னால், முதலாளி சொல்வதை நான் நம்பவில்லை என்று விருந்தினர் எடுத்துக்கொள்வார். ‘சேஸ்’ போதும். ‘சே’ தன் பக்கமிருந்து எதையும் கூட்டாத வினை. ஆங்கிலப் பத்திரிகைகளில் வேலை பழகுகிறவர்களுக்கும், சந்தேகம் வந்தால் ‘செட்’ என்றே எழுதுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘இன்சிஸ்ட்’ என்றால் மறுப்பு வந்தபிறகும் விடாமல் சொல்வது. ‘அட்மிட்’ என்றால் மறைக்க நினைத்ததை ஒப்புக்கொள்வது. ‘பாயிண்ட் அவுட்’ என்றால் சொன்னவர் பக்கம் உண்மை இருக்கிறது என்று நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள்.

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்ற வழிவழிச் செய்தியை விருந்தினர்களுக்குச் சொல்வீர்கள். அதற்கு ‘ட்ரெடிஷன் ஹாஸ் இட் தட்’ என்று தொடங்குங்கள். ‘லெஜண்ட் ஹாஸ் இட்’ வேண்டாம். ‘லெஜண்ட்’ என்றதும் நடந்திருக்காத கதை என்ற எண்ணம் வந்துவிடும். ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதை ‘ட்ரெடிஷன்’ என்றால் அதற்குரிய மதிப்பும் இருக்கும், நீங்கள் சாட்சி சொன்னதாகவும் ஆகாது. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்பதற்கும் ‘இஸ் செட் டு ஹாவ் கம் ஃப்ரம் பர்மா’ பொருந்தும்.

அப்பத்தா சொன்னதை இன்று மொழிபெயர்த்தால் ‘ஷி வாஸ் டோல்டு தட் தி பில்லர்ஸ் கேம் பை ஷிப் ஃப்ரம் ரங்கூன்’ என்று சொல்வேன். சுவர் சுண்ணாம்புக் காரையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது என்பது கண்ணால் பார்க்கிற விஷயம், அதை ‘இட் இஸ்’ என்றே சொல்லலாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்தது குடும்பத்தார் சொல்லிக் கேட்டது. அதற்கு ‘தி ஃபேமிலி சேஸ்’ அல்லது ‘அக்கார்டிங் டு தி ஃபேமிலி’. ஒரு சுவரைப் பற்றிய இரண்டு செய்திக்கு இரண்டு வகை வாக்கியம். அப்புறம் இந்த ‘அக்கார்டிங் டு’ பிறருக்கு மட்டும்தான். ‘அக்கார்டிங் டு மீ’ என்று நம் ஊரில் நிறையக் கேட்கிறது. தன் கருத்துக்கு அவர்கள் ‘ஐ திங்க்’ என்பார்கள், அல்லது ‘இன் மை வியூ’.

எழுத்தில் இதே வேலையை மேற்கோள் குறி செய்கிறது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்ப் பலகைகளில் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட மேற்கோள் குறிக்குள் போடுவது வழக்கம். உங்கள் உணவுப் பட்டியலில் ‘ஹோம் ஃபுட்’ என்பதை அப்படி மேற்கோளுக்குள் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆங்கிலம் படிக்கிறவர் அதை ‘வீட்டுச் சாப்பாடு என்று இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்’ என்று படிப்பார். நீங்கள் வாயால் சொன்ன ‘சோ-கால்டு’ இங்கே குறியாக வந்து நிற்கிறது. இந்தப் பயன்பாட்டுக்கு ‘ஸ்கேர் கோட்ஸ்’ என்று பேர். 1956-இல் எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற மெய்யியலாளர் ஒரு கட்டுரையில் அந்தப் பேரை எழுதினார். பேசும்போது இரண்டு கையையும் தூக்கி இரண்டிரண்டு விரலை மடக்கி ஆட்டுவார்களே, அதுவும் இதுதான். அப்படி ஒருவர் விரலை ஆட்டிச் சொன்ன சொல்லை அவர் நம்பிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதியிருப்பதைச் சொல்லும்போது இன்னொரு வித்தியாசம் உண்டு. தமிழில் பலகை பேசாது. “போர்டுல போட்டிருக்கு” என்போம். ஆங்கிலத்தில் பலகையும் பேசும், கடிகாரமும் பேசும். ‘தி சைன் சேஸ் நோ போட்டோகிராஃப்ஸ்’, ‘தி க்ளாக் சேஸ் டென் பாஸ்ட் ஃபோர்’. ‘இட் இஸ் ரிட்டன் இன் தி போர்டு’ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் அவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பலகை என்றைக்கு எழுதினதாக இருந்தாலும் ‘சேஸ்’தான். எழுத்து இன்னும் அங்கே நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

காலமாற்றத்தைப் பள்ளிக்கூடத்தில் வேண்டிய அளவுக்குப் படித்திருப்பீர்கள். ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும் என்ற அட்டவணை. அதில் சொல்லாமல் விட்டது ஒன்று: சொன்ன விஷயம் இப்போதும் உண்மை என்றால் மாற்றாமலும் விடலாம். ஒரு விருந்தினர் தனக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றார். நீங்கள் அதை எழுதி வைக்கிறீர்கள். ‘ஷி செட் ஷி வாஸ் அலர்ஜிக்’ என்பதும் சரி, ‘ஷி செட் ஷி இஸ் அலர்ஜிக்’ என்பதும் சரி. சமையலறைக்குப் போகிற குறிப்பில் ‘இஸ்’ போடுங்கள். இது சாப்பாட்டு விஷயம், யாரும் இரண்டாவது தடவை யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது. இன்னும் நல்லது ‘சேஸ்’: ‘ஷி சேஸ் ஷி இஸ் அலர்ஜிக்’. அதே குறிப்பில் ‘டுமாரோ’ என்று எழுதாமல் கிழமையை எழுதுங்கள். ‘ஹி செட் ஹி இஸ் கமிங் டுமாரோ’ என்ற சீட்டை மறுநாள் படிக்கிறவருக்கு ‘டுமாரோ’ எது என்று தெரியாது.

‘டோல்டு’க்குப் பின்னால் ஆள் வேண்டும்: ‘ஹி டோல்டு மீ’. ‘ஹி டோல்டு தட்’ என்பது நம் ஊர் ஆங்கிலம். ஆள் இல்லையென்றால் ‘செட்’. கேள்வியை எடுத்துச் சொல்லும்போது கேள்வி வரிசை நேராகிவிடும்: ‘ஹி ஆஸ்க்டு வேர் தி கிச்சன் வாஸ்’. ‘ஹி செட் தட் ஐ ஆம் கமிங்’ என்று நேர்கூற்றையும் அயற்கூற்றையும் கலப்பது ‘நான் வரேன்னு சொன்னார்’ என்பதன் நேரடி நிழல். ‘-னு’ போட்டால் தமிழில் சொன்னவர் பேச்சு அப்படியே உள்ளே வரலாம். ‘தட்’ போட்டால் ஆங்கிலத்தில் வரக்கூடாது, ‘ஐ’ ‘ஹி’ ஆகிவிட வேண்டும். அப்படி ஆனதும் அவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ‘தி மேனேஜர் டோல்டு தி டிரைவர் ஹி ஹாட் டு லீவ்’: கிளம்ப வேண்டியது யார், மேலாளரா ஓட்டுநரா? நமக்கு ‘தான் கிளம்ப வேண்டும் என்று’ எனச் சொல்ல ஒரு ‘தான்’ இருக்கிறது. அவர்களிடம் அது இல்லை. அதனால் அவர்கள் பேரையே திரும்பச் சொல்லித் தெளிவாக்குவார்கள். நீங்களும் தயங்காமல் பேரைத் திரும்பச் சொல்லுங்கள்.

கடைசியாக ‘ஷி வாஸ் லைக்’. அவள் எதையோ போல இருந்தாள் என்று இதற்குப் பொருள் இல்லை. அடுத்து வருவது அவள் சொன்னது, அல்லது நினைத்தது, அல்லது அவள் முகம் காட்டியது. 1982-இல் ரொனால்டு பட்டர்ஸ் என்ற மொழியியலாளர் அமெரிக்கப் பேச்சில் இந்த வழக்கைக் கவனித்து ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதற்குப் பிறகு இது பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று ஆங்கிலம் பேசும் இடமெல்லாம் பரவிவிட்டது. இதைச் சோம்பேறிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ‘ஷி செட்’ என்றால் ஏறத்தாழ அந்த வார்த்தைகள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். ‘ஷி வாஸ் லைக், ஓ நோ’ என்றால் அவள் வாயே திறக்காமலும் இருந்திருக்கலாம். நம்மிடமும் இதற்கு அச்சு அசலான இணை இருக்கிறது: “என்னதுங்கிற மாதிரி பாத்தா.” அந்த ‘-ங்கிற மாதிரி’ செய்கிற வேலையைத்தான் ‘வாஸ் லைக்’ செய்கிறது.

கூடவே ‘ஹி கோஸ்’ என்றும் கேட்டிருப்பீர்கள். மணி ‘டிங்’ என்று அடித்தது என்பதை ‘தி பெல் வென்ட் டிங்’ என்று சொல்வது அவர்களிடம் பழைய வழக்கம். ஒலியைச் சொல்லும் அந்த வினையையே பேச்சுக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். நாம் “மாடு அம்மான்னு கத்துச்சு”, “கதவு படார்னு சாத்துச்சு”, “வரேன்னு சொன்னான்” என்று மூன்றுக்கும் ஒரே ‘-னு’வைப் போடுவதை நினைத்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதே இல்லை. இவை இரண்டையும் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், நண்பர்களோடு பேசவும் செய்யுங்கள். வீட்டைச் சுற்றிக்காட்டும்போது மட்டும் ‘சேஸ்’, ‘செட்’ போதும்.

ஒன்று விட்டுப்போனது. ‘தே சே’ என்று நீங்கள் ஆரம்பித்தால் விருந்தினர் சில சமயம் ‘ஹூ சேஸ்?’ என்று கேட்பார். அது ஆவலில் வருகிற கேள்வியாக இருக்கலாம், தொனியைப் பொறுத்துச் சவாலாகவும் இருக்கலாம். ‘சேஸ் ஹூ?’ என்று திருப்பிப் போட்டுக் கேட்டால் அது பெரும்பாலும் சவால்தான், ‘சொன்னது யாராம்?’ என்கிற தொனி. இரண்டுக்கும் உங்களிடம் ஒரே பதில் இருக்கட்டும், ஆளைக் காட்டுகிற பதிலாக இருக்கட்டும்: ‘தி ஆச்சி ஹூ லிவ்ஸ் ஹியர் டோல்டு மீ. ஷி ஹர்ட் இட் ஃப்ரம் ஹர் மதர்-இன்-லா.’ அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆச்சியிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மத்தியானம் விருந்தினர் தூங்கப்போன நேரத்தில் வளவில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த வாக்கியத்தில் ‘ஆம்’ வருகிறது, எதில் வரவில்லை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.